ஒடெஸாவின் படிகள்

கருங்கடலின் கரையில் உள்ள ஒடெஸா என்னும் துறைமுகப்பட்டணத்தில், மேட்டிலிருக்கும் ஊரிலிருந்து கீழே துறைக்கு இறங்கும் நீண்ட படிக்கட்டு ஒன்று உண்டு. 1905-ஆம் ஆண்டில் பொத்தெம்கின் என்ற போர்க்கப்பலின் மாலுமிகள், புழு நெளியும் இறைச்சியை உண்ண மறுத்துக் கலகம் செய்த விருத்தாந்தத்தை, இருபது வருஷங்களுக்குப் பிறகு படமாக எடுத்த செர்கய் ஐஸன்ஸ்டைன், அந்தப் படிகளின்மீது ஜார் மன்னனின் சிப்பாய்கள் அணி கலையாமல் இறங்கி வந்து ஜனங்களைச் சுட்டு வீழ்த்துவதாகவும், தாயை இழந்த ஒரு குழந்தையின் தள்ளுவண்டி படி படியாக உருண்டு போவதாகவும் அமைத்த காட்சி, சினிமாவைக் கலையென்று கருதுகிறவர்களுக்கெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. அந்தப் படிகளில் அப்படியொரு படுகொலை நடக்கவேயில்லை, ரத்தம் சிந்தியது ஊரின் வேறு வீதிகளில்தான் என்பது சரித்திரக்காரர்களின் கட்சி. அது இருக்கட்டும். அந்தப் படிகளின் பெயரை, கலகம் நடந்து ஏறக்குறைய எண்பது வருஷங்கள் கழித்து, கோழிக்கோட்டில் சில வாலிபர்கள் தங்கள் சங்கத்துக்குச் சூட்டி, தெருத்தெருவாகக் கை நீட்டிக் காசு திரட்டிப் படம் எடுத்தார்கள். ருஷ்ய தேசத்துப் படிக்கட்டு மலையாளக் கரைக்கு வந்து சேர்ந்த வழி எது என்பதைத்தான் இங்கே சொல்ல எண்ணுகிறேன்.

வழியைச் சொல்லுமுன் ஒரு வேடிக்கை. பொத்தெம்கின் கப்பலில் கலகம் நடந்த அதே 1905-இல், திருச்சிராப்பள்ளியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், ஊர் ஊராகப் படம் காட்டி வந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து யந்திரத்தையும் சுருள்களையும் விலைக்கு வாங்கி, உத்தியோகத்தை உதறிவிட்டு, கூடாரத்தோடு புறப்பட்டார். வடக்கே வெகு தூரம் வரையில் போய்க் காட்டிவிட்டு வந்த அவர், பிறகு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். ஜனங்கள் இருக்கும் இடத்துக்குப் படத்தைக் கொண்டுபோகும் தொழில் அன்றே நம்மிடம் இருந்தது. கொட்டகைகள் எழும்பியபின் ஜனங்கள் படம் இருக்கும் இடத்துக்குப் போகத் தொடங்கினார்கள். கோழிக்கோட்டு வாலிபர்கள் செய்தது, ஒரு கணக்கில், வின்சென்டின் கூடாரத்தை மறுபடியும் தோளில் தூக்கியதுதான்.

ஒரு கவி, படிப்பவர் யாரும் இல்லாவிட்டாலும், பாட்டை எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டுக் காலத்தை நம்பிச் சாகலாம். படம் எடுப்பவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. கச்சாச் சுருளுக்கும், விளக்குக்கும், ரசாயனசாலைக்கும், நடிகரின் சோற்றுக்கும் இன்றைக்கே பணம் வேண்டும். அந்தப் பணம் நாளைக்குத் திரும்பி வர, பார்ப்பவர்கள் வேண்டும். மனிதனின் துக்கத்தையும் தனிமையையும் ஆட்டபாட்டமில்லாமல் காட்டும் படத்துக்கு அந்தப் பார்ப்பவர்கள் எங்கிருந்து வருவார்கள்? நமது தேசத்தில் இவ்வகைப் படங்களின் சரித்திரத்தைத் துருவிப் பார்த்தால், எந்த இடத்தில் அவை வேரூன்றினவோ அந்த இடத்தில் பார்ப்பவர்களின் கூட்டம் முதலில் ஏற்பட்டு, படம் அதன் பின்னரே பிறந்திருக்கக் காண்கிறோம். பந்தியில் ஆட்கள் உட்கார்ந்த பிறகுதான் அடுப்பு மூட்டப்பட்டது.

கூட்டம் சேர்க்கும் இந்த ஏற்பாட்டின் தாய்வீடு ஐரோப்பா. பாரிஸில் 1920-களில் சினிமாக் கழகங்கள் தோன்றின. லண்டனில் 1925-ஆம் ஆண்டு ஐவர் மான்டேகு முதலிய சிலர் கூடி ஃபிலிம் சொஸைட்டி என்ற ஒன்றை ஸ்தாபித்தார்கள். பெர்னார்ட் ஷா, எச். ஜி. வெல்ஸ் போன்ற பெரியவர்கள் அதன் தொடக்ககால அங்கத்தினர்கள். சந்தா கட்டிய அங்கத்தினருக்கு மட்டும் காட்டுவது பொதுக் காட்சியாகாது என்ற நியாயத்தின் நிழலில், தணிக்கையாளர் ஊருக்கு மறுத்த படங்களை அவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் பார்த்து வந்தார்கள். பிரிட்டனில் பொதுஜனங்களுக்கு 1954 வரையில் தடை செய்யப்பட்டிருந்த பொத்தெம்கின் படம், 1929 நவம்பர் 10-ஆம் தேதி அந்தச் சங்கத்தில் காட்டப்பட்டது. கூடவே, வடகடலில் ஹெர்ரிங் மீன் பிடிக்கும் செம்படவர்களைப் பற்றி ஜான் கிரியர்ஸன் எடுத்த முதல் படமும் ஓடிற்று. ஒரே நாளில், ஒரே வெள்ளைத் துணியில், புரட்சியும் பிழைப்பும் அடுத்தடுத்து ஓடின.

கல்கத்தாவுக்கு இந்த வழக்கம் 1947-இல், சுதந்திரம் வந்த சில வாரங்களுக்குள் வந்து சேர்ந்தது. விளம்பரக் கம்பெனியொன்றில் சித்திரக்காரராக இருந்த சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா, இன்னும் இரண்டொரு நண்பர்கள் சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொஸைட்டியை ஆரம்பித்தார்கள். அவர்கள் முதலில் காட்டிய படம் எது என்று கேட்க வேண்டுமா? பொத்தெம்கின்தான். பிரிவினையின் புண்ணும் அகதிகளின் வெள்ளமுமாய் இருந்த அந்த நகரத்தில், படிக்கட்டில் உருளும் தள்ளுவண்டியைப் பார்த்த அந்தச் சிறு கூட்டத்தின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. மறுவருஷமே ராய், ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில், இந்தியப் படங்களின் கோளாறு என்ன என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். 1949-இல், கங்கைக் கரையில் ஒரு படம் எடுப்பதற்கு இடம் தேடி வந்த பிரெஞ்சு மேதை ழான் ரெனுவாருக்குத் துணையாக, வாரக் கடைசி நாட்களில் கிராமங்களைச் சுற்றினார். 1950-இல் கம்பெனி அவரை லண்டனுக்கு அனுப்பிற்று. உத்தியோகம் கற்றுவரப் போன மனிதர் ஐந்தாறு மாசத்துக்குள் ஏறத்தாழ 100 படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவற்றுள் ஒன்று, சைக்கிளைப் பறிகொடுத்த ஓர் ஏழைத் தொழிலாளியும் அவன் மகனும் ரோமாபுரியின் வீதிகளில் அலைவதைக் காட்டும் டி ஸீக்காவின் படம்.

1952-ஆம் ஆண்டு தொடக்கத்தில் முதலாவது சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் கூடி, அங்கிருந்து சென்னை, டில்லி, கல்கத்தா என்று யாத்திரை போனபோது, அந்தச் சைக்கிள் படத்தை மற்றவர்களும் பார்த்தார்கள். பிமல் ராய் தமது ரிக்ஷாக்காரன் கதையை எடுத்தது அடுத்த ஆண்டு. இங்கே வீணை எஸ். பாலசந்தர், திரைப்பட விழாவொன்றில் குரோஸாவாவின் ராஷோமோனைக் கண்டு, ஒரே கொலையைப் பலர் வாய்மொழியாகச் சொல்லும் உத்தியை மனத்தில் வாங்கிக்கொண்டு, பாட்டு ஒன்றுகூட இல்லாத அந்த நாள் என்ற படத்தை ஏவி.எம். ஸ்தாபனத்துக்காக 1954-இல் இயக்கினார். பாட்டில்லாத படமா என்று தமிழ் ஜனங்கள் முகத்தைச் சுளித்தார்கள், வசூல் சுகப்படவில்லை. படம் எடுக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், பந்தியில் ஆட்கள் இல்லை.

கல்கத்தாவில் நடந்ததோ வேறு. ராய் எடுத்த முதல் படமான பதேர் பாஞ்சாலியின் கதை பலருக்கும் தெரிந்ததாயினும், பணத்தின் வழியாக அதை ஒருமுறை சொல்வது நம்முடைய விஷயத்துக்கு அவசியம். 1952 அக்டோபரில், நாணற்பூ வெண்மையாய் அலைமோதும் வயல் ஒன்றில் முதல் நாள் படப்பிடிப்பு நடந்தது. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மிச்சக் காட்சிக்கு மறு வருஷத்துப் பூவுக்குக் காத்திருக்க நேர்ந்தது. காமெராவைப் பிடித்த சுப்ரத மித்ராவுக்கு இருபத்தொரு வயது. சினிமாக் காமெராவை அதற்குமுன் அவர் இயக்கியதில்லை. ராய் தம்முடைய இன்ஷூரன்ஸ் பாலிஸியையும், இசைத்தட்டுக்களையும், மனைவியின் நகைகளையும் ஒவ்வொன்றாக இழந்தார். கடைசியில் மேற்கு வங்காள சர்க்கார் கை கொடுத்தது. படத்தின் பெயரில் பாதை என்ற சொல் இருந்ததால், அந்தப் பணம் சாலை அபிவிருத்திக் கணக்கில் எழுதப்பட்டது என்பது பிரசித்தமான சேதி. சர்க்கார் போட்ட சாலைகளில் இவ்வளவு தூரம் போன சாலை வேறு இருக்குமா என்பது சந்தேகம்: 1955 மே மாசம் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் முதற்காட்சி, ஆகஸ்டில் கல்கத்தா, அடுத்த வருஷம் கான் விழாவில் மனித வாழ்வின் சிறந்த ஆவணம் என்ற பரிசு. இவ்வளவு பாடுகளுக்கிடையே, 1952-இல் உறங்கிப் போயிருந்த கல்கத்தாச் சங்கமும் 1956-இல் மறுபடி கண் விழித்தது.

சங்கங்கள் பெருகின. 1959-இல் கல்கத்தா, பம்பாய், டில்லி, சென்னை, பாட்னா, ரூர்க்கி ஆகிய ஊர்களின் சங்கங்கள் சேர்ந்து, ராயைத் தலைவராகக் கொண்டு ஒரு சம்மேளனத்தை அமைத்தன. அடுத்த சில வருஷங்களில் சர்க்காரின் பங்காகக் கடன் கொடுக்க ஒரு கார்ப்பரேஷனும், கற்றுக்கொடுக்கப் பூனாவின் பழைய பிரபாத் ஸ்டூடியோவில் ஒரு பள்ளியும், பழைய சுருள்களைக் காக்க ஓர் ஆவணக் களஞ்சியமும் ஏற்பட்டன. இவற்றைப் பற்றி விரிக்கப் புகுந்தால் அது அறிக்கையாகிவிடும். சங்கத்தின் ஒரு மாலைப்பொழுது எப்படி இருந்தது என்பதைச் சொல்வதே உசிதம்.

வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூட மண்டபம், அல்லது ஒரு வாசகசாலையின் மாடி. சுவரில் ஒரு வெள்ளைத் துணி. நடுவே, பெஞ்சின்மீது, 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர். அதன் கடகடவென்ற ஓசைதான் மௌனப் படத்துக்குப் பின்னணி வாத்தியம். படப்பெட்டி ஏதோ ஒரு தூதராலயத்திலிருந்து இரவலாக வந்திருக்கும்: ருஷ்யா, போலந்து, செக்கோஸ்லோவாகியா, பிரான்ஸ் என்று. அன்று பகல் ரயிலில் வந்த பெட்டியை மறுநாள் காலை ரயிலில் அடுத்த ஊர்ச் சங்கத்துக்கு ஏற்றியாக வேண்டும். ஒரு சுருள் முடிந்ததும் விளக்கு எரியும். அடுத்ததை மாட்டும் வரையில் இரண்டு நிமிஷம் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுருள் மாற்றும் அந்த இரண்டு நிமிஷத்தில்தான் பாதிப் பேச்சும் நடந்தது என்று நான் சொல்வேன். சங்கங்களுக்குத் தணிக்கையிலிருந்து விலக்கு இருந்தபடியால், கத்தரி படாத அயல்நாட்டுப் படத்தில் கண்ணுக்கு ஏதேனும் விருந்து அகப்படுமோ என்று சந்தா கட்டிய புண்ணியவான்களும் இருந்தார்கள். பெர்க்மனின் பாதிரியார் கடவுளின் மௌனத்தோடு மல்லாடிக்கொண்டிருக்கையில், இவர்கள் மெல்ல நாற்காலியைப் பின்தள்ளி வெளியேறுவார்கள். ஆயினும் சிலர் உட்கார்ந்தே இருந்துவிட்டதும் உண்டு. ரஸனை என்பது எந்த வாசல் வழியாக உள்ளே வரும் என்று யார் கண்டது?

நகரத்துக் கனவான்களுக்கு மட்டுமே இந்தச் சரக்கு செல்லும் என்று நினைத்தவர்களின் வாயை அடைத்த ஊர் ஹெக்கோடு. கர்நாடகத்தில், ஷிமோகா ஜில்லாவில், பாக்குத் தோப்புக்களுக்கு நடுவே உள்ள அந்தச் சிறு கிராமத்தில், நீநாசம் என்ற நாடகக் கழகத்தை நடத்தி வந்த கே. வி. சுப்பண்ணா, 1973-இல் அதன் கிளையாக ஒரு படச் சங்கத்தையும் தொடங்கினார். பூனாவில் படங்களை ரஸிக்கக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த பேராசிரியர் சதீஷ் பகதூர் அங்கே போய் வகுப்பு நடத்தினார். பகலெல்லாம் பாக்கு உரித்தவர்கள், இரவில் ராயையும் குரோஸாவாவையும் டி ஸீக்காவையும் பார்த்தார்கள். கன்னடத்தில் விளக்கம் சொல்ல ஆள் இருந்தது. பதேர் பாஞ்சாலியில் மழைக்கு நனைந்து காய்ச்சலில் கிடக்கும் துர்க்கையின் வீட்டுக் கதவை இரவெல்லாம் காற்று உலுக்குகிறதே, அந்தக் காட்சியை மலைநாட்டு மழையில் வளர்ந்த ஒருவனுக்கு வியாக்கியானம் செய்ய வேண்டியதில்லை. ரஸனைக்குப் பட்டம் வேண்டும் என்பது பட்டம் வாங்கியவர்கள் கட்டிய கதை.

கேரளத்தில் இந்த விதை விழுந்த மண் ஏற்கெனவே உழுது கிடந்தது. அங்கே கிராமந்தோறும் கிரந்தசாலைகள். சாயங்காலம் பத்திரிகை படித்துத் தர்க்கம் செய்யும் ஜனங்கள். நமது திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் படித்து, பின்பு பூனாவுக்குப் போய்ச் சினிமாக் கலை கற்றுத் திரும்பிய அடூர் கோபாலகிருஷ்ணன், குளத்தூர் பாஸ்கரன் நாயர் முதலியோருடன் சேர்ந்து 1965-இல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா ஃபிலிம் சொஸைட்டியைத் தொடங்கினார். அதனோடு ஒரு கூட்டுறவுச் சங்கமும் பிறந்தது. ஏழு வருஷம் படங்களைக் காட்டிக் காட்டிப் பார்ப்பவர்களைத் தயார் செய்த பிறகே, 1972-இல் சுயம்வரம் வெளிவந்தது. இரண்டரை லட்சம் ரூபாய் செலவு; அதில் ஒன்றரை லட்சம் சர்க்கார் கார்ப்பரேஷன் கொடுத்த கடன். வீட்டாருக்குத் தெரியாமல் சேர்ந்து வாழப் புறப்பட்ட ஓர் இளஞ்ஜோடியை வறுமை சிறிது சிறிதாக அரிப்பதைக் காட்டும் அந்தப் படம் முதலில் கொட்டகையில் தோற்றது. தேசியப் பரிசுகள் வந்ததும் மறுபடி திரையிட்டு, கடனையும் அடைத்தார்கள். தோற்ற படத்தை மறுபடி கேட்டு வாங்கிப் பார்க்கும் ஜனங்கள் அந்த ஏழு வருஷத்தின் அறுவடை.

தமிழ்நாட்டுக் கணக்கைப் பார்த்தால் மனம் சற்றுச் சங்கடப்படுகிறது. ஜெயகாந்தன், சேரியில் வாழும் தங்கத்தையும் அவள் மகன் சிட்டியையும் கிளி ஜோசியன் மாணிக்கத்தையும் பற்றிய தம் கதையைத் தாமே இயக்கி, 1965-இல் உன்னைப்போல் ஒருவன் என்று வெளியிட்டார். ராயின் சாருலதா தங்கப் பதக்கம் பெற்ற அதே வருஷத்துத் தேசிய விருதுகளில், இது அகில இந்தியாவிலும் மூன்றாவது சிறந்த படம் என்ற நற்சான்று பெற்றது. டில்லியில் கிடைத்த இடம் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் கிடைக்கவில்லை. அவார்டு படம் என்று நம்மவர்கள் இவ்வகைப் படங்களுக்கு இட்ட பெயரில், மரியாதையைவிட எச்சரிக்கையே அதிகம் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருஷம் கழித்து இன்னொருவர் வந்தார். ஜான் ஆபிரகாம் மலையாளி. இன்ஷூரன்ஸ் உத்தியோகத்தை விட்டுப் பூனாவுக்குப் போய் ரித்விக் கட்டக்கிடம் பாடம் கேட்டவர். அவர் தமது மிகச் சிறந்த படங்களில் ஒன்றைத் தமிழில் எடுத்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? விமர்சகர் வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுத, இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் பேராசிரியர் வேஷம் தரித்த அக்கிரகாரத்தில் கழுதை 1977-இல் முடிந்தது. தாயற்ற கழுதைக்குட்டி ஒன்றைப் பரிவோடு வளர்க்கும் தத்துவப் பேராசிரியர், கல்லூரியில் பரிகாசம் தாங்காமல் அதைத் தம் கிராமத்து அக்கிரகாரத்தில் கொண்டு விடுகிறார். ஊமைப் பெண் ஒருத்தி அதைப் பராமரிக்கிறாள். ஊரில் நடக்கும் அசம்பாவிதங்களுக்கெல்லாம் கழுதையே காரணம் என்று அடித்துக் கொன்றவர்கள், பின்பு நடக்கும் நன்மைகளுக்கும் அதுவே காரணம் என்று அதைத் தெய்வமாக்க முற்படுகிறார்கள். இவ்வளவு கூர்மையான பரிகாசம் தமிழ்த் திரையில் அதற்கு முன்னும் அதிகமில்லை, பின்னும் அதிகமில்லை. தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருது வந்தது, எதிர்ப்பும் வந்தது. ஒளிபரப்புவதாக இருந்த தூர்தர்ஷன் பின்வாங்கிற்று. கழுதைக்கு அக்கிரகாரத்தில் மட்டுமா, ஊரில் ஒரு கொட்டகையிலும் நிலைக்க இடமில்லை.

கொட்டகைக்காரனும் வினியோகஸ்தனும் முதலாளியும் சேர்ந்து காவல் நிற்கும் வாசலில் தட்டிப் பயனில்லை என்ற முடிவுக்கு ஜான் வந்ததில் ஆச்சரியமில்லை. 1984-இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து கோழிக்கோட்டில் அமைத்த ஸ்தாபனத்துக்குத்தான் ஒடெஸா என்று பெயர். அவர்கள் ஒரு புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். பறை முழக்கி, தெருவில் சிறு நாடகம் போட்டு ஜனங்களைக் கூட்டி, சார்லி சாப்ளினும் அநாதைக் குழந்தையும் வரும் பழைய படத்தையும், பம்பாயின் குடிசைவாசிகளைப் பற்றி ஆனந்த் பட்வர்த்தன் எடுத்த படத்தையும் காட்டினார்கள். காட்சிக்குச் சீட்டு இல்லை. எங்கள் படத்துக்கு உங்களால் இயன்றதைக் கொடுங்கள் என்பதுதான் கேள்வி. கூலிக்காரரும் மாணவரும் பீடி சுற்றுகிறவரும் மடியிலிருந்து எடுத்துப் போட்ட சில்லறை சேர்ந்து சேர்ந்து, அம்மா அறியான் என்ற படத்துக்கு முதலாயிற்று. யந்திரமும் பொழுதும் உழைப்பும் இனாமாகத் தந்தவர்கள் பலர்.

அந்தப் படத்தின் கதையும் அது பிறந்த விதத்தை ஒத்திருப்பது விசேஷம். டில்லிக்குப் புறப்படும் புருஷன் என்ற வாலிபன், போகும் இடத்திலிருந்தெல்லாம் கடிதம் எழுதுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுக்கிறான். வழியில், வயநாட்டில், அடையாளம் தெரியாத ஒரு பிணத்தைக் காண்கிறான். முகம் எங்கோ பார்த்த முகமாய் மனத்தை அரிக்க, யாத்திரையை விட்டுவிட்டு நண்பர்களைத் தேடிப் போகிறான். இறந்தவன் தபலா வாசிக்கும் ஹரி என்று தெரிகிறது. கொச்சியில் இருக்கும் ஹரியின் அம்மாவுக்குச் சேதி சொல்ல வேண்டும். ஒருவன் இருவராகி, இருவர் பத்தாகி, ஊர்தோறும் ஓரொருவர் சேர்ந்துகொள்ள, வயநாட்டு மலையிலிருந்து கொச்சிக் கடல் வரையில் அந்தக் கூட்டம் நடந்து வளர்கிறது. ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருவன் தன் தாயிடம் சொல்லிக்கொண்டு புறப்படுகிறான். காசு திரட்டப் போன யாத்திரையும் கதைக்குள் நடக்கும் யாத்திரையும் ஒரே பாதையில் நடந்தவை போல் தோன்றும். வேணுவின் காமெராவில் கறுப்பும் வெளுப்புமாய்ப் பதிவான அந்த முகங்களில் பெரும்பாலானவை நடிகர்களின் முகங்கள் அல்ல.

குறையே இல்லாத படம் என்று நான் சொல்லமாட்டேன். ஆங்காங்கே அது நின்றுவிடுகிறது. பிரசங்கமும் எட்டிப் பார்க்கிறது. கோவையான கதையை எதிர்பார்த்து உட்காருகிறவனுக்குப் பொறுமை வேண்டும். ஆனால் முதலாளிக்குக் கடன்பட்ட படம் எந்த இடத்தில் அவனுக்காக வேகமெடுக்கும் என்று நமக்குத் தெரியும். இது யாருக்காகவும் வேகமெடுக்க வேண்டியிருக்கவில்லை. 1986-இல் படம் முடிந்ததும், வாக்களித்தபடியே, பிரதியைச் சுமந்துகொண்டு, காசு கொடுத்த ஊர்களுக்கே திரும்பிப் போய்க் காட்டினார்கள்.

1987 மே மாசம் 31-ஆம் தேதி, கோழிக்கோட்டில் ஒரு கட்டிடத்தின் மேலிருந்து விழுந்து ஜான் காலமானார். ஐம்பது நிறைய இரண்டு மாசத்துக்கு மேல் பாக்கி இருந்தது. நண்பர்கள் படப்பெட்டியைக் கீழே வைக்கவில்லை. ஏதோ ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், இரண்டு தென்னைகளுக்கு நடுவே துணியை இழுத்துக் கட்டி, இருட்டுவதற்காகக் காத்திருந்தார்கள்.